ஆணியில் தொங்கிய அளவு

அடுத்த அறையிலிருந்து கத்திரிக்கோல் சத்தம் கேட்டது.

சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். க்ளிக், க்ளிக். தையலைப் பிரிக்கும்போது நூலுக்கு நூல் கேட்கிற சின்னச் சத்தம். அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அந்தக் கையில் கத்திரிக்கோலைக் கொடுத்து எவ்வளவு காலமாயிற்று! மாவு டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்ததை இன்று காலைதான் துடைத்து எடுத்துக் கொடுத்தாள்.

ஈரக் கையோடு அப்படியே நின்று கேட்டாள். க்ளிக், க்ளிக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு சத்தம் மாறியது.

கர்ர்ரக். கர்ர்ரக்.

அடியிலிருந்து நுனிவரை வாயைத் திறந்து துணியைக் கடிக்கிற சத்தம். கத்திரிக்கோலின் கீழ் அலகு மரமேசையை உரசிக்கொண்டே போகிற சத்தம். வாழ்க்கையில் பாதியை அந்தச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கழித்தவளுக்கு அதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அது பிரிக்கிற சத்தம் இல்லை. வெட்டுகிற சத்தம்.

"மாஸ்டர்! நிறுத்துங்க! கையை எடுங்க!"

சோப்பு நுரை சொட்டச் சொட்ட ஓடினாள். மேசைமேல் மகளின் கருநீலக் கவுன் விரிந்து கிடந்தது. இரண்டு பக்கமும் வெட்டியாகிவிட்டது. அக்குளிலிருந்து பாதம்வரை, கோடு போட்டது போல நேராக. அவள் கணவர் கீழ் விளிம்பில் சாக்பீஸால் கோடு இழுத்து, அடுத்த வெட்டுக்குக் கத்திரிக்கோலைத் திறந்து வைத்திருந்தார். அவள் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க! பக்கத்துல ஒரு விரல் பிடிச்சாப் போதும்னு சொன்னேனே!"

அவர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் குழப்பமே இல்லை. நல்ல வேலைக்கு நடுவில் தொந்தரவு செய்தவளைப் பார்க்கிற எரிச்சல் மட்டும்தான்.

"ஏன் இப்படிக் கத்தறே? ஆணியில தொங்குற அளவுக்குத்தானே வெட்டினேன்?"

அப்போதுதான் மேசை ஓரத்தில் கிடந்த நாடாவை அவள் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஐயோ, அந்தத் தப்பைச் செய்தவர் அவர் இல்லையே!

அந்த நாடாவின் கதையைச் சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஊரெல்லாம் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டது. ஏற்றுமதி ஆடைக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அடுக்கடுக்காகத் துணியை விரித்து, ஒரே வெட்டில் அத்தனையையும் வெட்டுகிற வேலை. கை ஒரு நூல் நகர்ந்தால் அடுக்கு முழுக்கப் பாழ். அதனால் அவருடைய கூடத்தில் மின்விசிறி சுற்றாது, கதவு திறந்திருக்காது. யாராவது உள்ளே வந்துவிட்டுக் கதவைச் சாத்தாமல் போனால் அவர் போடுகிற கூச்சலில் கட்டடமே அதிரும். "கதவைச் சாத்து! துணி அசையுது!"

அதே கம்பெனியில் பிசிறு நூல் வெட்டுகிற பெண்ணாகச் சேர்ந்தவள் அவள். பிறகு பட்டன் கட்டினாள், பிறகு கையால் ஓரம் மடித்துத் தைத்தாள். ஒல்லி உடம்பு, குத்துகிற வாய். இரண்டுக்குமாகச் சேர்த்து 'ஊசி' என்று பேர் வைத்தவர் மாஸ்டர்தான்.

"ஒருநாள் உன் அளவு எடுக்கணும் ஊசி" என்று அவர் மதிய இடைவேளையில் மெல்லக் கேட்டுப் பார்த்தார்.

"எங்கண்ணன் வருவான். உங்க அளவை எடுப்பான். சவப்பெட்டி செய்யறவன் அவன்" என்றாள் அவள்.

சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் டீக் கிளாஸ்கள் குலுங்கின. அப்படிச் சிரித்தவர்களே அடுத்த வருஷம் அவர்கள் கல்யாணத்துக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மாஸ்டருக்கு ஒரு வினோதப் பழக்கம். வீட்டு ஆட்களுக்குத் துணி தைக்கும்போது டேப்பைத் தொடமாட்டார். துணியின் கரையிலிருந்து நீளமாக ஒரு நாடா கிழித்து, ஆள்மேல் வைத்து முடிச்சுப் போடுவார். முதல் முடிச்சு தோள், அடுத்தது மார்பு, அதற்கடுத்தது இடுப்பு, கடைசி முடிச்சு உயரம். "டேப்புல நம்பர்தான் இருக்கும், ஆளு இருக்கமாட்டாங்க" என்பார். மகள் பிறந்ததிலிருந்து அவளுக்கென்று சுவரில் ஓர் ஆணி. வளர வளரப் புது நாடா அதில் ஏறும், பழையது பிஸ்கட் டப்பாவுக்குள் போகும். ஆணியில் தொங்குவதுதான் இன்றைய அளவு. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் கேள்வி கேட்டதில்லை.

மகளை அவர்கள் பாப்பா என்பார்கள். பள்ளிக்கூடம் முடிந்து நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்த அன்று மாஸ்டர் கால் தரையில் பாவாமல் நடந்தார். கம்பெனியில் ஒரு துணிச் சுருளின் கடைசி மிச்சம், நல்ல கருநீலம், கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அதில் தனக்கு ஒரு கோட்டும், மகளுக்கு ஒரு நீளக் கவுனும் வெட்டினார்.

"பட்டம் வாங்கற அன்னைக்கு நானும் அவளும் ஒரே கலர்ல போகணும். பார்க்கிறவன் கேட்காமலே தெரிஞ்சுக்கணும், இந்தப் பொண்ணு இந்த ஆளோடதுன்னு."

"அப்ப நான்? வேலைக்காரியா பின்னாடி வரணுமா?"

"நீ எந்தக் கலர்ல வந்தாலும் வாயைத் திறந்தாப் போதும். தெரிஞ்சுடும்."

படிப்பு முடிவதற்குள் பெண் சதை போடுவாள் என்று கவுனைத் தாராளமாக வெட்டித் தைத்தார். கோட்டும் கவுனும் அலமாரியில் ஒன்றாகத் தொங்கின. பாப்பா விடுதிக்குப் போனாள். சதை போடவில்லை, இளைத்தாள். இளைத்தது அவள் மட்டுமில்லை, அப்பாவின் நினைவும்தான்.

முதலில் சாவியை மறந்தார். பிறகு வீட்டுக்கு வரும் வழியை. ஒருநாள் ஒரு பெரிய அடுக்கைத் தப்பாக வெட்டிவிட்டு, யார் வெட்டியது என்று மற்றவர்களிடம் சண்டை போட்டார். கம்பெனியில் மரியாதையாகத்தான் அனுப்பி வைத்தார்கள். அவர் அதன் பிறகும் காலையில் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். "இன்னைக்கு லீவு மாஸ்டர்" என்று அவள் சொல்வாள். அந்த வீட்டில் ஒவ்வொரு நாளும் லீவு.

இதில் ஒன்றையும் அவள் மகளிடம் சொல்லவில்லை.

சொன்னால் பெண் படிப்பை விட்டுவிட்டு ஓடிவருவாள். அது தாய்க்குத் தெரியும். பட்டம் வாங்கட்டும், மேடையிலிருந்து இறங்கட்டும், அதற்குப் பிறகு சொல்லலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். தொலைபேசியில் பாப்பா அப்பாவைக் கேட்டால், "குளிக்கிறாரு", "தூங்குறாரு", "கடைக்குப் போயிருக்காரு." நல்ல நாளாக இருந்தால் ரிசீவரை அவர் காதில் வைப்பாள். அவர் யாரிடமும் சொல்கிற ஒரே வார்த்தையைச் சொல்வார். "சாப்பிட்டியாம்மா? நல்லாப் படி." அந்தப் பக்கம் பெண்ணுக்குப் போதுமாக இருந்தது. இடையில் ஓரிரு நாள் வந்துபோனபோது அவர் அதே வார்த்தையை வைத்துச் சமாளித்துவிட்டார்; கடைசி வருஷம் ஆஸ்பத்திரிப் பயிற்சி என்று அவளும் வீட்டுப் பக்கம் வரவே இல்லை.

"கவுனை யாரும்மா ஆல்டர் பண்றது? நான் ரொம்ப மெலிஞ்சுட்டேனே" என்று போன வாரம் கேட்டாள்.

"உங்கப்பா இருக்கும்போது வேற யாரு? அவரே பண்ணித் தர்றேன்னுட்டாரு."

பொய்யோடு பொய். அவளே இரவல் மெஷினில் பிடித்துத் தைத்துவிட்டு அப்பா தைத்தது என்று கொடுக்கத்தான் நினைத்திருந்தாள். ஆனால் இன்று காலை மாஸ்டர் எழுந்த விதமே வேறு. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "நாளைக்குப் பாப்பாவுக்கு விழாவாச்சே? ட்ரெஸ்ஸை எடு. அளவு சரிபண்ணணும்" என்றார். அவள் காதுகளை அவளாலேயே நம்ப முடியவில்லை. தெய்வமே கண் திறந்தது என்று நினைத்தாள். கவுனைக் கொடுத்தாள், கத்திரிக்கோலைக் கொடுத்தாள், அவர் எதை நம்பி வெட்டுவார் என்பதை மட்டும் மறந்தாள்.

ஏனென்றால், ஆணியில் தொங்கியது பாப்பாவின் இன்றைய அளவு இல்லை.

மகள் விடுதிக்குப் போன புதிதில் வெறிச்சோடிய வீட்டில் மனசு தாங்காமல், அவள்தான் பிஸ்கட் டப்பாவைத் திறந்து, நாலாங்கிளாஸ் ஆண்டு விழாவுக்கு எடுத்த குட்டி நாடாவைத் தேடி ஆணியில் மாட்டினாள். பெரிய நாடாவைச் சுருட்டி டப்பாவில் போட்டாள். போகும்போதும் வரும்போதும் அந்தச் சின்ன முடிச்சுகளை ஒரு தடவை தொட்டுக்கொள்வாள். கையடக்கமான தோள், கையடக்கமான இடுப்பு. ஒரு தாயின் ஆசை. யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தாள்.

நினைவு போன மனிதர் தன் மூளையை நம்பவில்லை. ஆணியை நம்பினார். நாலாங்கிளாஸ் குழந்தைக்கு ஒரு நூல் பிசகாமல் வெட்டிக் கொடுத்துவிட்டார்.

"தப்பா வெட்டிட்டேனா ஊசி?"

அவள் அழுவதைப் பார்த்து அவர் குரல் சிறுத்துவிட்டது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இல்லை மாஸ்டர். நீங்க சரியாத்தான் வெட்டினீங்க."

"பின்னே ஏன் அழறே?"

"சோப்புத் தண்ணி கண்ணுல பட்டுடுச்சு."

வெட்டிய துண்டுகளை ஒட்டிவிடலாமே என்று தேடினாள். அதற்கும் வழியில்லை. மிச்சத் துணி மேசையில் கிடக்கக் கூடாது என்பது மாஸ்டரின் சட்டம். அவள் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் அவற்றைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து, துணிக் கட்டுகளைக் கட்டுகிற கயிறாக முறுக்கி, வரிசையாக நாற்காலி முதுகில் தொங்கவிட்டிருந்தார். எவ்வளவு சுத்தமான வேலைக்காரர்!

சாயங்காலம் பாப்பா வந்துவிடுவாள். கவுனை வாங்கிக்கொண்டு கடைசி பஸ்ஸில் விடுதிக்குத் திரும்ப வேண்டும். பட்டம் வாங்குகிறவர்கள் எல்லாரும் விடிந்ததும் வரிசையில் நிற்க வேண்டுமாம். அப்பாவும் அம்மாவும் காலை பஸ்ஸில் வந்து சேர வேண்டும் என்பது ஏற்பாடு. முன் வரிசையில் இரண்டு இடம் வாங்கி வைத்திருக்கிறாளாம்.

அவள் அலமாரியைத் திறந்தாள். உள்ளே கோட்டு தொங்கியது. அதே கருநீலம், அதே சுருள், அதே சாயம். ஒருமுறைகூடப் போடாத கோட்டு.

அதைத் தொட்டுக்கொண்டு வெகு நேரம் நின்றாள். அந்த நிமிஷம்வரை அவள் மனசின் ஒரு மூலையில் ஓர் எண்ணம் உயிரோடு இருந்தது. நாளை நல்ல நாளாக அமையலாம். கோட்டைப் போட்டு, கையைப் பிடித்து, கூட்டத்தின் ஓரமாகவாவது அவரை உட்கார வைக்கலாம். பாப்பா மேடையிலிருந்து பார்க்கும்போது ஒரே கலரில் ஒருவர் இருப்பார். அதற்காகவே கோட்டுக்கு நேற்று வெயில் காட்டியிருந்தாள். இப்போது இந்தக் கோட்டைப் பிரித்தால் அவர் போக முடியாது. பிரிக்காவிட்டால் பாப்பா போக முடியாது.

கோட்டை எடுத்து வந்து மேசைமேல் போட்டு, முதுகுத் தையலில் ஊசி முனையை நுழைத்தாள். நூல் டப்பென்று விட்டது. தன் நெஞ்சிலிருந்து எதையோ உருவுவது போல இருந்தது அவளுக்கு.

மாஸ்டர் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். பிரித்த துண்டை விரலால் தடவினார்.

"நல்ல கட்டிங். யாரு வெட்டினது?"

"ஒரு பெரிய மாஸ்டர்."

"இந்தத் தோளைப் பாரு. சுருக்கமே இல்லை. இவ்வளவு நல்ல கோட்டை ஏன் பிரிக்கறே? அந்த ஆளு தேடி வரமாட்டானா?"

"வரமாட்டாரு மாஸ்டர்" என்றாள் அவள். "அவரு எங்க போறதுன்னு தெரியாம நின்னுட்டாரு."

கவுனுக்கு இரண்டு பக்கமும் நீளப் பட்டையாகக் கொடுக்க வேண்டும். கோட்டு அவ்வளவு நீளமில்லை. இடுப்பில் ஓர் ஒட்டுப் போட்டு, மேலே முதுகுத் துணி, கீழே முன்பக்கத் துணி என்று சேர்த்தாள். எப்படித் திருப்பிப் பார்த்தும் ஒரு பட்டன் ஓட்டை வலது இடுப்புக்குக் கீழே வந்து உட்கார்ந்தது. அதை அதே நிற நூலால் மூடித் தைத்தாள். தெரியாது. தடவினால்தான் தெரியும். மெஷினை மிதித்து மிதித்துக் கெண்டைக்கால் மரத்துப்போயிற்று. மத்தியானச் சாப்பாட்டை அவருக்கு ஊட்டிவிட்டு, தான் சாப்பிடாமலே தைத்தாள். ஜன்னல் வெளிச்சம் மஞ்சளாகும்போது கடைசி நூலைப் பல்லால் கடித்தாள்.

குட்டி நாடாவைப் பழையபடி ஆணியில் மாட்ட அவள் கை போனது. வேண்டாம் என்று சின்னதாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு அவரை நாற்காலியில் உட்கார வைத்துத் தலை வாரிவிட்டாள்.

"இப்பப் பாப்பா வருவா. கதவைத் திறந்ததும் 'வாடி பாப்பா'ன்னு சொல்லணும். வேற ஒண்ணும் வேண்டாம். எங்கே, சொல்லுங்க."

"வாடி பாப்பா."

"இன்னொரு தடவை."

"வாடி பாப்பா. வாடி பாப்பா." ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மாடிப்படியில் காலடி கேட்டது. இரண்டிரண்டு படியாகத் தாவுகிற காலடி. மணி அடித்தது.

கதவைத் திறந்ததும் பாப்பா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "நீ எவ்வளவு இளைச்சிட்டேம்மா!" அம்மாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "மாஸ்டர் சார்! கஸ்டமர் வந்திருக்கேன், ட்ரெஸ் ரெடியா?" என்றாள். சின்ன வயசிலிருந்து அப்பாவிடம் அவள் ஆடுகிற விளையாட்டு அது.

மாஸ்டர் எழுந்து நின்றார். அவளைப் பார்த்தார். அவளைத் தாண்டிப் படிக்கட்டைப் பார்த்தார். பிறகு மனைவியிடம் குனிந்து மெல்லக் கேட்டார். "பாப்பா எங்க? வரலியா?"

அவள் கண்ணால் மகளைக் காட்டினாள். அதற்குள் மாஸ்டர் வந்தவளைப் பார்த்துத் தலையை அசைத்து, பழைய மரியாதையோடு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாங்கம்மா, உட்காருங்க. ட்ரெஸ் எடுத்துட்டுப் போக வந்தீங்களா?"

பாப்பா சிரித்தாள். அப்பா விளையாட்டைத் தொடர்கிறார் என்று நினைத்தாள். "ஆமா சார். லேட்டானா சண்டை போடுவேன்."

"எங்க கைல லேட்டே ஆகாதுங்க."

"போதும்பா, சாப்பிட ஏதாவது குடுங்க."

மாஸ்டர் சங்கடமாகப் புன்னகைத்தார். முன்பின் தெரியாத பெண் உரிமையோடு சாப்பாடு கேட்டால் ஒரு நல்ல மனிதர் புன்னகைப்பது போல. அந்தப் புன்னகையைப் பார்த்ததும் பாப்பாவின் சிரிப்பு நின்றது. அவளுடைய முகம் மாறியதைத் தாய் பார்த்தாள். மகளின் முகம் போய், வார்டில் கட்டிலோரம் நிற்கிற நர்ஸின் முகம் வந்தது.

"இன்னைக்கு என்ன கிழமைப்பா?" என்றாள் பாப்பா, மிக நிதானமாக.

"கட்டிங் மேசையில என்னம்மா கிழமை? டெலிவரி தேதிதான்." அவர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

பாப்பா சிரிக்கவில்லை. இப்படிக் கேள்வியைத் தட்டிவிட்டுத் தப்பிக்கிற சிரிப்பை அவள் ஆஸ்பத்திரியில் நிறையப் பார்த்திருந்தாள். அம்மாவின் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"எவ்வளவு நாளா?"

"நீ ரெண்டாவது வருஷம் போகும்போதே..."

"நான் படிச்சதே இதுக்குத்தானேம்மா! யார் யாரோ வீட்டு அப்பாக்களுக்கு நான் சோறு ஊட்டினேன், பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன், என்னைத் தெரியுதான்னு கேட்டேன். எங்கப்பாவை என்கிட்ட மறைச்சுட்டியே. போன வருஷம் வந்திருந்தா என்னைத் தெரிஞ்சிருக்குமே! ஒரு தடவையாவது பாப்பான்னு கூப்பிட்டிருப்பாரே!"

"வந்தா திரும்பிப் போயிருக்கமாட்டே."

"அதை நீ எப்படி முடிவு பண்ணலாம்?"

ஊசி என்று பேர் வாங்கிய வாய்க்கு அன்று ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. பாத்திரம் துடைக்கிற துணியை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"நாளைக்கு நான் போகல. இங்கேயே இருக்கேன்" என்றாள் பாப்பா.

அப்போது தாய் நிமிர்ந்தாள். "போகலன்னா, நான் பண்ணின பாவத்துக்கு ஓர் அர்த்தமும் இல்லாமப் போயிடும். என்னைத் திட்டு, அடி, பேசாம இரு. ஆனா மேடையில ஏறு."

"நீ வர்றியா?"

"இவரை எங்கடி விடறது? போன தடவை கீழ்வீட்டு அக்காகிட்ட விட்டுட்டு மருந்து வாங்கப் போனேன். யாரோ பிடிச்சு வச்சிருக்காங்கன்னு ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டாரு."

"ரெண்டு இடம் இருக்கும்மா. முன் வரிசை. அதை யாருக்குக் குடுக்கட்டும்?"

"யாருக்கும் குடுக்காதே" என்றாள் தாய். "காலியாவே இருக்கட்டும்."

அறையிலிருந்து மாஸ்டர் குரல் கொடுத்தார். "ஊசி! அந்தப் பொண்ணுக்கு ட்ரயல் பார்க்கணும். போட்டுப் பார்க்காம அனுப்பினா என் பேரு என்னாகிறது?"

பாப்பா கவுனைப் போட்டுக்கொண்டு வந்து நடு அறையில் நின்றாள். அளவெடுத்தது போலப் பொருந்தியிருந்தது. மாஸ்டர் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தார். தோளைப் பார்த்துத் தலையாட்டினார். பக்கவாட்டில் குனிந்து கண்ணைச் சுருக்கினார்.

"ஒட்டு கொடுத்திருக்கு. ஆனா நல்ல கை."

பாப்பாவின் விரல்கள் துணியைத் தடவிக்கொண்டே கீழே வந்தன. வலது இடுப்புக்குக் கீழே நின்றன. மூடித் தைத்த அந்தச் சின்ன மேட்டை மறுபடி மறுபடி தடவிப் பார்த்தன.

"இது பட்டன் ஓட்டைதானேம்மா?"

பாப்பா திறந்து கிடந்த அலமாரியைப் பார்த்தாள். வெறும் ஹேங்கர் ஒன்று தொங்கியது. அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பட்டன் ஓட்டைமேல் கையை வைத்து அழுத்திக்கொண்டாள், அடிபட்ட இடத்தை அழுத்துவது போல.

"என்ன விசேஷம்மா உங்களுக்கு?" என்று கேட்டார் மாஸ்டர்.

"பட்டம் வாங்கறேன். நாளைக்கு." அவள் பட்டன் ஓட்டையிலிருந்து கையை எடுக்கவில்லை. "அப்பாவுக்காக..."

"அப்படியா! ரொம்ப சந்தோஷம். உங்கப்பா கொடுத்து வச்சவரு. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. நாலாங்கிளாஸ் படிக்கிறா. வாயைத் திறந்தா அவங்கம்மா மாதிரியே ஊசி. அவளும் ஒருநாள் உங்களை மாதிரி பட்டம் வாங்குவா. அன்னைக்குப் போட்டுக்க நான் ஒரு கோட்டு கூட வச்சிருக்கேன்."

மாஸ்டர் நாற்காலி முதுகிலிருந்த கீற்று ஒன்றை உருவினார். கருநீலக் கீற்று.

"இருங்க. உங்க அளவை எடுத்து வச்சுக்கிறேன். அடுத்த தடவை அலைய வேண்டாம்."

கீற்றைத் தோளில் வைத்தார், முடிச்சுப் போட்டார். மார்பு, இடுப்பு. விரல்கள் ஒரு தடவைகூடத் தயங்கவில்லை. உயரம் எடுக்க அவர் மண்டியிட்டபோது, பாப்பா குனிந்து அந்த வாரிய தலைமேல் கையை வைத்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கஸ்டமர் நிலைதடுமாறிப் பிடித்துக்கொண்டாள் என்று நினைத்திருப்பார். கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு எழுந்து, சுவர்ப் பக்கம் போனார். ஆணி வெறுமையாக இருந்தது.

"ஊசி! பாப்பா அளவு எங்க?"

தாய் இடுப்பிலிருந்து குட்டி நாடாவை எடுத்துக் கொடுத்தாள். வேறென்ன செய்வாள்? அவர் அதைப் பத்திரமாக ஆணியில் மாட்டினார். பிறகு புது நாடாவைச் சுருட்டி, வந்தவளின் உள்ளங்கையில் வைத்தார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. இந்த ஆணி எங்க பாப்பாவோடது. உங்களுதை இங்க வைக்க இடமில்லை. நீங்களே வச்சுக்குங்க."

பாப்பா அந்த நாடாவை விரல்களுக்குள் மூடிக்கொண்டாள். உள்ளே போய் உடை மாற்றிக்கொண்டு வந்தாள். கவுனை மடித்துப் பையில் வைத்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"இப்ப உன்மேல கோபப்படக்கூட எனக்குத் தெம்பு இல்லை. நாளைக்குப் பட்டத்தை வாங்கிட்டு வர்றேன். வந்து கோபப்படறேன்."

"சரிடி."

"நிறையக் கோபப்படுவேன்."

"வா. பொறுத்துக்கறேன்."

பாப்பா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "வரேன் மாஸ்டர்."

"போயிட்டு வாங்கம்மா. எங்கயாவது பிடிச்சா கொண்டாங்க, சரிபண்ணித் தர்றேன்." அவர் கை கூப்பினார்.

அவளும் கை கூப்பினாள். படியில் இறங்கினாள். ஏறும்போது இரண்டிரண்டாகத் தாவிய கால்கள் இப்போது ஒவ்வொரு படியாகத் தொட்டுத் தொட்டுப் போயின. தாய் கதவைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சத்தம் தேயும்வரை நிற்கலாம் என்று நின்றாள். திருப்பத்தில் ஒருமுறையாவது நிமிர்ந்து பார்ப்பாள் என்று நினைத்தாள்.

கீழேயிருந்து காற்று படிக்கட்டு வழியாக ஏறி வந்தது. உள்ளே நாற்காலியில் தொங்கிய கருநீலக் கீற்றுகள் மெல்ல ஆடின. ஆணியில் குட்டி நாடாவும் ஆடியது.

"ஊசி, கதவைச் சாத்து" என்றார் மாஸ்டர். "துணி அசையுது."

அவள் கதவைச் சாத்தினாள்.